பிளாட்டிபஸையும் திருக்கையையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் நன்னீர் ஓடைகளில் வாழும் பிளாட்டிபஸ், ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள சிறு பாலூட்டி. அந்நாட்டின் தென்கடலில் திரியும் குட்டைவால் திருக்கையோ இரண்டு மீட்டர் அகலம் வரை வளரும் மீன். இரண்டுக்கும் நஞ்சு உண்டு, இரண்டும் இரையின் மின்புலத்தை உணரும் என்பதால் சிலர் இவற்றை உறவு விலங்குகளைப் போலவே எழுதிவிடுகிறார்கள்.

மின்சாரத்தை உணர்வதையும் உண்டாக்குவதையும் குழப்பிக்கொள்வதே முதல் தவறு. தொட்டவரை அதிரவைப்பது மின்திருக்கை. அது வேறு இனம். பிளாட்டிபஸ் நீரில் மூழ்கியதும் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு, அலகை இடமும் வலமும் வீசியபடி, சேற்றில் இறாலின் தசை அசையும்போது எழும் நுண்ணிய மின்புலத்தைத் தேடுகிறது. அந்த அலகும் வாத்தின் அலகைப் போல் கெட்டியானதல்ல. ஈரத் தோல் போல மென்மையானது. அதில் சுமார் 40,000 மின்னுணரிகள் உள்ளன. அவை தோற்சுரப்பிகளிலிருந்து உருவானவை. முகத்தின் தொடுவுணர்வைக் கடத்தும் நரம்பே அவற்றின் செய்தியையும் மூளைக்குக் கொண்டுசெல்கிறது. திருக்கைக்கோ தோலில் திறக்கும் துளைகளும், அவற்றின் கீழே கூழ் நிறைந்த குழாய்களும், முற்றிலும் வேறு நரம்பும் இருக்கின்றன. வேலை ஒன்று, பிறந்த வழி வேறு. இதைச் சொல்லாத ஒப்பீட்டால் எனக்குத் தெரிந்து பயனில்லை.

நஞ்சைப் பற்றியும் பொதுவாக எழுதிவிடக் கூடாது. திருக்கையின் வால்முள் ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு, தற்காப்புக்கானது. பிளாட்டிபஸில் வளர்ந்த ஆணுக்கு மட்டுமே பின்னங்காலில் நஞ்சுமுள் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் நஞ்சு மிகுவதால், அது போட்டி ஆண்களுக்கு எதிரான ஆயுதம் என்று கருதப்படுகிறது. திருக்கை குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய வெந்நீரில் வைத்தால் வலி தணிவதுண்டு. பிளாட்டிபஸ் குத்திய வலியோ ‘மார்பின்’ (morphine) என்ற வீரியமான வலிநிவாரணிக்கே எளிதில் அடங்குவதில்லை.

பாலூட்டி குட்டி போடும், மீன் முட்டையிடும் என்ற பாடப்புத்தக நினைப்பில் ஒப்பீட்டு அட்டவணையை நிரப்புவதுதான் மிகவும் வேடிக்கையான தவறு. இங்கே முட்டையிடுவது பிளாட்டிபஸ். குட்டி போடுவது திருக்கை. தாய்த் திருக்கையின் கருப்பையில் சுரக்கும் சத்துமிக்க திரவத்தைக் ‘கருப்பைப் பால்’ என்று அழைத்தாலும், அதற்குப் பால்சுரப்பி கிடையாது. பிளாட்டிபஸுக்குப் பால்சுரப்பி உண்டு, காம்புதான் இல்லை. வயிற்றுத் தோலில் கசியும் பாலைக் குட்டிகள் உறிஞ்சிக்கொள்கின்றன.