நாலு பேர் டென்ட்டில் நாலு பேர் படுக்க முடியாது

ஆன்லைனில் ‘ஃபேமிலி டென்ட்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 200 செ.மீ. × 200 செ.மீ. டோம் டென்ட்தான். விலை குறைவு. பெட்டியில் ‘4 பேர்’ என்று போட்டிருக்கும். படத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். படுத்தால் ஆளுக்கு 50 செ.மீ. தான் கிடைக்கும். ரயிலில் ஸ்லீப்பர் பெர்த்கூட இதைவிடக் கொஞ்சம் அகலம்.

தயாரிப்பாளர்கள் பொய் சொல்வதில்லை. குறுகலான பாய்களைத் தோளோடு தோள் ஒட்டி விரித்து, பைகளையும் செருப்புகளையும் வெளியே வைத்துவிட்டுப் போடும் கணக்கு அது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டோம் டென்ட்டின் சுவர்கள் உள்பக்கமாகச் சாய்ந்து வருவதால், 200 செ.மீ. நீளத் தரையில் ஆறடி ஆள் படுத்தால் தலை ஒரு சுவரிலும் கால் எதிர்ச்சுவரிலும் உரசும். விடியற்காலையில் அந்தச் சுவர்கள் வியர்த்திருக்கும். போர்வையின் இரண்டு முனையும் நனைந்துபோகும். அதனால் பெட்டியில் உள்ள எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள், பிள்ளைகள் இருந்தால் இரண்டை. தனியாகப் போகிறவருக்கு 2 பேர் டென்ட், மூவர் குடும்பத்துக்கு 4 அல்லது 5 பேர் டென்ட். தரையின் நீளம் 210 செ.மீ.க்குக் குறைந்தால் உயரமானவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அதற்காக எட்டுப் பேர் டென்ட்டை வாங்கிவிடுவதும் சரியல்ல. இரண்டு அறை, நிமிர்ந்து நிற்கும் உயரம் எல்லாம் கடையில் பார்க்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கொடைக்கானல், மேகமலை, மூணாறு பக்கத்து எஸ்டேட்டுகளில் டென்ட் போட விடும் இடங்கள் பெரும்பாலும் படிப்படியாக வெட்டிய சரிவுகள். கயிறுகளையும் சேர்த்து ஐந்து மீட்டர் சமதளம் அங்கே சுலபத்தில் அமையாது. உயரமான டென்ட் காற்றையும் அதிகம் வாங்கும். என்னைக் கேட்டால், பிள்ளைகள் பள்ளி மேல்வகுப்புக்கு வந்துவிட்ட குடும்பத்துக்கு இரண்டு சின்ன டென்ட்களும் நடுவே கட்ட ஒரு நல்ல தார்ப்பாயும் போதும். சமைக்கவும் சீட்டாடவும் தார்ப்பாயின் அடி, தூங்க மட்டும் டென்ட். கைக்குழந்தை இருந்தால் கதை வேறு. துணி மாற்ற, தூக்கிவைத்து ஆட்ட, நிமிர்ந்து நிற்கும் ஒரே டென்ட்தான் வசதி.

யூடியூபிலும் இணையத்திலும் கிடைக்கும் டென்ட் ஆலோசனையில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வது. அவர்களுக்குப் பனியும் குளிரும் பெரிய கவலை. நம் மலைகளில் டென்ட்டைத் தோற்கடிப்பது ஈரம்: மேலிருந்து மழை, கீழிருந்து மண்ணின் நசநசப்பு, உள்ளே நம் மூச்சு. இதை மனதில் வைக்காமல் ‘ஃபோர் சீசன்’ டென்ட்டுக்குக் காசைக் கொட்டுகிறவர்கள் உண்டு. நான்கு பருவம் என்றால் நம் மழைக்காலமும் அதில் அடக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பனிப்பொழிவின் பாரத்தையும் பெருங்காற்றையும் தாங்கச் செய்த டென்ட். வலைத்துணி குறைவு, எடை அதிகம். கிழக்குக் கடற்கரைச் சாலையோர முகாமில் அதற்குள் படுத்தால் வெந்துபோவீர்கள். பனிக்காலம் நீங்கலாக மற்றப் பருவங்களுக்கென்று செய்யும் ‘த்ரீ சீசன்’ நமக்குப் போதும்.

மழைக்கு என்ன பார்க்க வேண்டும்? ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மட்டும் எழுதி எண் எதுவும் தராத டென்ட்டை விட்டுவிடுங்கள். 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று வருகிற எண், துணி கசியத் தொடங்கும் முன் எவ்வளவு உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதைக் காட்டுகிறது. டென்ட்டின் மேல் போர்த்தும் வெளித்துணியான மேல் உறைக்கு 2000 இருந்தால் நிம்மதி. தரைத்துணிக்கு அதைவிட அதிகம் வேண்டும். ஈர மண்ணில் முட்டி போட்டு உட்காரும்போது அந்த ஒரு இடத்தில் விழும் அழுத்தம் மழைத்துளியைவிடப் பல மடங்கு.

ஆனால் எண்ணைவிட முக்கியமான இரண்டு விஷயங்களை எண் சொல்லாது. ஒன்று, தையல். மேல் உறையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் கண்ணாடி போன்ற டேப் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் துணி தாங்கினாலும் ஊசித் துளை தாங்காது. இன்னொன்று, மேல் உறையின் நீளம். மலிவான டோம்களில் உச்சி வலைக்கு மேல் மட்டும் ஒரு குல்லா மாட்டியிருப்பார்கள். சுவரின் கீழ்ப்பாதி வெறும் ஒற்றைத் துணி. செங்குத்தாகப் பெய்யும் மழைக்கு அது சமாளிக்கும். கொடைக்கானலில் மழை எப்போது செங்குத்தாகப் பெய்தது? காற்றோடு சாய்ந்து அடிக்கும் சாரல் குல்லாவுக்கு அடியில் புகுந்து வலை வழியாக நேராகப் படுக்கையில் இறங்கும். மேல் உறை நாலாபுறமும் தரைக்கு ஒரு சாண் மேல்வரை இறங்க வேண்டும், வாசலுக்கு முன்னால் செருப்பு வைக்கும் அளவுக்காவது நீள வேண்டும். வாசல் செங்குத்தாக இல்லாமல் உள்பக்கம் சாய்ந்திருந்தால், ஜிப்பைத் திறந்த நொடியே மேல்விளிம்பில் தேங்கிய தண்ணீர் தலையணை மேல் கொட்டும்.

வாங்கியதும் மொட்டை மாடியில் போட்டு, தோட்டத்துக் குழாயால் பதினைந்து நிமிடம் நனைத்துப் பாருங்கள். திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் செய்துவிடுவது நல்லது.

காலையில் டென்ட் உள்ளே ஈரமாக இருந்தாலே ‘ஒழுகுது’ என்று மோசமாக ரிவ்யூ எழுதிவிடுகிறார்கள். பல நேரம் அது ஒழுகலே அல்ல. இரவெல்லாம் நான்கு பேர் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு முத்து முத்தாக நிற்கிறது. தையல் ஓரமாக மட்டும் கோடாக நனைந்திருந்தால் ஒழுகல். சுவர் முழுக்கச் சீராக வியர்த்திருந்தால் மூச்சு. குளிருக்குப் பயந்து காற்றுப்போக்கிகளை எல்லாம் மூடுகிறவர்கள்தான் அதிகம் நனைகிறார்கள். ஒற்றைச் சுவர் டென்ட் இந்த விஷயத்தில் நமக்கு ஒத்துவராது. உள்ளே வலையும் வெளியே உறையுமாக இரண்டு அடுக்கு இருந்து, இரண்டும் ஒட்டாமல் இடைவெளி நின்றால் முத்துகள் வெளிச் சுவரோடு போய்விடும். அந்த இடைவெளியைக் காப்பது பையிலேயே சுருண்டு கிடக்கும் கயிறுகள்தான். மழை வந்தபின் இருட்டில் கட்டிக்கொள்ளலாம் என்று விடாமல், போட்டவுடனே இழுத்துக் கட்டிவிடுங்கள்.

அடியில் விரிக்கும் தார்ப்பாயிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பெரிதாக இருந்தால் நல்லது என்று டென்ட்டைவிட அகலமாக விரிக்கிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழைநீரை வாங்கி டென்ட்டுக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும். டென்ட் தரையைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை சின்னதாக மடித்துவிடுங்கள்.

தை மாதத்தில் ஊட்டியில் புல் மேல் உறைபனி படிகிறதே, குளிருக்கு என்ன செய்வது? டென்ட் குளிரைப் பெரிதாகத் தடுக்காது. உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சுவது தரை. போர்வை மேல் போர்வை போட்டுக்கொண்டு கீழே வெறும் பெட்ஷீட் விரிப்பதைவிட, ஒரு தடித்த ஃபோம் மேட் எவ்வளவோ மேல்.

தனியாகப் போகிறவர்கள் எடை குறைக்கும் ஆர்வத்தில் வேறு விதமாக மாட்டிக்கொள்கிறார்கள். ஊன்றுகோலை நட்டு நிறுத்தும் டென்ட் ஒரு கிலோவுக்குள் வந்துவிடும். ஆனால் அது நிற்பதே முளைகளின் பலத்தில். பாறையிலோ சிமென்ட் மேடையிலோ முளை இறங்காது. நம் பக்கத்து முகாம்களில் இரண்டுமே உண்டு. கம்பி வளைத்துத் தானே நிற்கும் டென்ட் கால் கிலோ, அரை கிலோ கூடினாலும் எங்கும் நிற்கும். தரையே இல்லாத தார்ப்பாய்க் கூடாரம் வெளிநாட்டு நெடுநடைக்காரர்களுக்குப் பிடித்தமானது. மழைக்காலத்தில் வால்பாறை அட்டைகளோடு ஒரு ராத்திரி கழித்தால் தரையும் ஜிப்பும் எதற்கு என்று புரிந்துவிடும். பைக்கில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தூக்கி எறிந்தால் விரிகிற ‘பாப்-அப்’ டென்ட்டை மடித்தால் பெரிய தட்டாகத்தான் வரும், கேரியரில் அடங்காது.

டென்ட்டுக்குள் அடுப்பு வேண்டாம். கரி அடுப்பு அறவே வேண்டாம். அணைந்ததுபோலத் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விடும், அதற்கு வாசனை கிடையாது. 2024-இல் கொடைக்கானல் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். டென்ட்டின் காற்றளவு அறையைவிட மிகவும் குறைவு.

எவ்வளவு நல்ல டென்ட்டாக இருந்தாலும் யானைக்கு அது வெறும் துணி. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே ஒரு ரிசார்ட்டின் டென்ட் முகாமில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. காட்டோரம் டென்ட் போட விடும் இடத்தில் அனுமதி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீ மலையேறப் போனவர்களைப் பலிவாங்கியபின், தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி டென்ட் போட முடியாது. ‘தெரிந்த கைடு பார்த்துக்குவார்’ என்று யாராவது சொன்னால் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் டென்ட்டை அப்படியே பரண் மேல் போடுவதுதான் சென்னை போன்ற ஊர்களில் டென்ட்டைக் கொல்லும் வழக்கம். பூஞ்சை ஒரு பக்கம். துணியின் உள்பக்கம் பூசிய பாலியூரிதேன் புழுக்கத்தில் மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, பொருக்குப் பொருக்காக உரிவது இன்னொரு பக்கம். நிழலில் நன்றாகக் காயவைத்து, இறுக்கமான பையில் திணிக்காமல் பழைய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். பழைய டென்ட் வாங்கப் போகிறவர்களும் முதலில் உறையைத் தொட்டுப் பார்க்கட்டும். விரலில் ஒட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.