தாழ்த்திய காரில் டயர் உரசுகிறதா? உடனே மட்கார்டில் கை வைக்காதீர்கள்

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்து வளர்ந்த ஊர் என்பதாலோ என்னவோ, காரைத் தாழ்த்திப் பார்க்கும் ஆசை கோவையில் எந்தத் தலைமுறையையும் விடுவதில்லை. ஸ்விஃப்ட், போலோ என்று சின்னக் காராக வாங்கி, ஸ்பிரிங் மாற்றி, அகலமான அலாய் வீல் போட்டு, கொஞ்ச நாளிலேயே “அண்ணா, டயர் உரசுகிறது” என்று வந்து நிற்கிறார்கள். தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். அன்று சொல்லித்தர ஆளில்லை. இன்று கேட்டால் சொல்ல ஆளிருந்தும் பிள்ளைகளின் பணம் வீணாவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. காற்றழுத்தம், நட்டு முறுக்குவது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உயரத்தின் மேல் பழி போடுவது

ஷாக் அப்சார்பரின் தண்டில், மேல் பக்கம், மெத்தென்ற ஒரு துண்டு கோத்திருக்கும். பம்ப் ஸ்டாப் என்பார்கள். சக்கரம் மேலே ஏறும்போது கடைசியில் இதில்தான் முட்டி நிற்கிறது. கம்பெனி ஷாக்கையும் இந்தத் துண்டையும் அப்படியே வைத்து ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருந்தால், சக்கரம் ஏறக்கூடிய உச்சம் மாறுவதே இல்லை. முன்பு எப்போதாவது தொட்ட உச்சத்தை இப்போது அடிக்கடி தொடும், அவ்வளவுதான். கம்பெனி டயர் அங்கே உரசவில்லை என்றால், புதிதாக வந்த உரசலுக்குக் காரணம் நீங்கள் மாற்றிய வீலும் டயரும்தான். பம்ப் ஸ்டாப்பை வெட்டியிருந்தாலோ, ஸ்பிரிங்கும் குட்டையான ஷாக்கும் ஒரே தொகுப்பாக வரும் காயில்ஓவர் போட்டிருந்தாலோ கதை வேறு; உச்சமே மாறிவிடும், எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டும்.

ஒரு கணக்கு. வீலின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (அச்சு நுனியில் வீல் மாட்டும் பகுதி) அது உட்காரும் தளத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட், மி.மீ. கணக்கில். 6 அங்குல அகலம், 45 ஆஃப்செட் உள்ள வீலைக் கழற்றிவிட்டு 7 அங்குலம், 35 ஆஃப்செட் வீல் போடுகிறீர்கள். அகலம் கூடியதால் பக்கத்துக்கு 12.7 மி.மீ. பெருக்கிறது. ஆஃப்செட் குறைந்ததால் வீல் மொத்தமாக இன்னும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளிவிளிம்பு 22.7 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள்பக்கம் நெருங்கியதோ வெறும் 2.7 மி.மீ. டயரிலும் இதே கவனம் வேண்டும். அதில் முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 அங்குல வீலில் 185/65, 16 அங்குல வீலில் 195/55 இரண்டின் விட்டமும் ஏறத்தாழ 621 மி.மீ. அதே 16 அங்குல வீலில் 205/55 போட்டால் 632 மி.மீ. ஆகிவிடும். டயரின் உச்சி 5 மி.மீ. உயர்கிறது, பக்கவாட்டிலும் தடிக்கிறது. கடையில் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு இது.

பின்பக்கம் இன்னும் கறாரானது. இந்தச் சின்னக் கார்களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே டார்ஷன் பீமில், அதாவது இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் இருக்கின்றன. பின் சீட்டில் ஆள் ஏறி இரண்டு சக்கரமும் சேர்ந்து எழும்போது அவை கிட்டத்தட்ட நேராகவே மேலே போகின்றன, உள்ளே சாய்ந்து இடம் விடுவதில்லை. வெளியே துருத்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மட்கார்டு விளிம்புக்கு நேர் எதிரே போய் நிற்கும்.

எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் மட்கார்டை மடிப்பது

என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இதுதான். சத்தம் கேட்டதும் நேராக டிங்கரிங் பட்டறைக்கு ஓடுகிறார்கள். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே இரும்புக் குழாயைச் செருகி, இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் தள்ள, விளிம்பு உள்ளே மடிகிறது. கூலி குறைவு, வேலையும் சீக்கிரம் முடிகிறது. செலவு பின்னால் வருகிறது.

ஒரு வெள்ளைப் போலோ. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் உரசுகிறது என்று வேறொரு பட்டறையில் இரண்டு பக்கமும் மடித்தாகிவிட்டது. உரசல் நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் மடித்துத் தரும்படி அந்தத் தம்பி என்னிடம் கொண்டுவந்தான். ஜாக்கியில் ஏற்றி வீலைக் கழற்றினோம். மடித்த விளிம்பில் டயர் பட்ட தடமே இல்லை. டயரின் வெளித்தோளில் மட்டும் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குப் பளபளப்பான ஒரு வளையம் ஓடியது. பின் பம்பர் மட்கார்டோடு சேரும் மூலையில் ஒரு ஸ்க்ரூவின் தலை பாதி தேய்ந்து மின்னியது. அது பிடித்திருந்த பிளாஸ்டிக் காது மழுங்கியிருந்தது. அந்தக் காதைச் சீவி, ஸ்க்ரூவை டயருக்கு எட்டாத இடத்துக்கு மாற்றினோம். உரசல் நின்றுவிட்டது. மட்கார்டைத் தொடவே தேவை இருந்திருக்கவில்லை.

ஆனால் மடித்தது மடித்ததுதான். மழைக்காலம் முடிந்து அவன் மறுபடி வந்தபோது விளிம்பை ஒட்டிப் பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் அழுத்தினால் உடைந்து துரு உதிர்ந்தது. பின் மட்கார்டு விளிம்பு ஒற்றைத் தகடு அல்ல. வெளித் தகடும் உள்ளே இருக்கும் சக்கரக் குழித் தகடும் அங்கே சேர்த்து வெல்டு செய்யப்பட்டு, இடைவெளியில் நீர் புகாதபடி சீலன்ட் பூசப்பட்டிருக்கும். குளிர்ந்த தகட்டைக் குழாயால் மடக்கினால் பெயின்ட்டும் சீலன்ட்டும் சேர்ந்தே விரிசல் விடும். டயர் வாரியடிக்கும் தண்ணீர் அந்த விரிசலுக்குள் போய் வெளியே வர வழியில்லாமல் தங்கும். துரு உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியும் நாளில் பாதித் தகடு போயிருக்கும். முன் மட்கார்டு என்றால் போல்ட்டைக் கழற்றிப் புதிதாக மாட்டிவிடலாம். பின் மட்கார்டு வண்டியின் உடம்போடு ஒன்று. வெட்டி, வெல்டு வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தாக வேண்டும். ஒரு ஸ்க்ரூவுக்காக இத்தனையும்.

ஆகவே முதலில் தடத்தைத் தேடுங்கள். மட்கார்டு விளிம்பு, உள் லைனர் (சக்கரக் குழியை மூடும் பிளாஸ்டிக் உறை), பம்பர் மூலை, உள்பக்கம் ஸ்ட்ரட் (முன் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்), இந்த நான்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சுமை ஏற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். டேப் எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கே மட்டும் வேலை. உண்மையிலேயே விளிம்புதான் உரசுகிறது என்றால், ஹப்பில் போல்ட் போட்டுப் பொருத்தும் ரோலர் கருவி உள்ள இடத்துக்குப் போங்கள். ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கி, பல சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக மடித்து, முடிந்ததும் உள்பக்கம் புதிதாக சீலன்ட் பூசச் சொல்லுங்கள். “சூடு வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நிற்கும் வண்டியில் விரல் விட்டு அளப்பது

ஆள் இல்லாமல், சக்கரம் நேராக நிற்கும்போது இருக்கும் இடைவெளி எதையும் சொல்லாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் மட்டும் பூட்டி, வீலை மாட்டி, பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கும்வரை ஜாக்கியால் சக்கரத்தை மேலே தள்ளுங்கள். முன் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் 6 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், வளைவில் டயர் நெளியும். பின் சக்கரங்களை இரண்டு பக்கமும் சேர்த்தும், ஒவ்வொன்றாகவும் தூக்கிப் பாருங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் தெருவே பதில். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் பரிந்துரைக்கும் வேகத்தடை 10 செ.மீ. உயரமும் சில மீட்டர் அகலமும் கொண்டது. கார் அதில் மெல்ல ஏறி இறங்கும். நம் தெருக்களில் குறுகலாகக் கொட்டிவைத்த தார் மேட்டில் சக்கரம் ஒரே குத்தாக உச்சத்துக்குப் போய் முட்டுகிறது.

ஸ்பிரிங்கை வெட்டுவது

வேண்டாம்.

லைனரைக் கழற்றி எறிவது

அதன் பின்னால் வயர்கள் ஓடுகின்றன. உரசும் இடத்தை மட்டும் சூடாக்கி உள்ளே அமுக்குங்கள்.

ஸ்பேசர்

ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு இது. உள் உரசலை வெளி உரசலாக மாற்றித் தரும். கட்டாயம் என்றால் ஹப்பில் கச்சிதமாக உட்காரும் ஸ்பேசரும் அதன் தடிமனுக்கேற்ற நீளமான போல்ட்டும் போடுங்கள்.

வேலை முடிந்த அன்றே எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

புதிய ஸ்பிரிங் ஓட ஓடச் சில மில்லிமீட்டர் இன்னும் அமரும். சில வாரம் கழித்து அலைன்மென்ட் பாருங்கள். அதே நாளில் பின் சீட் நிறைய ஆட்களும் டிக்கி நிறையச் சாமானும் ஏற்றி, டேப்பை மறுபடி ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.