துப்பறியும் நாவல் பாதியில் நிற்பது எதனால்?

என் முதல் துப்பறியும் நாவல் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஏழு மாதம் அப்படியே நின்றது. இப்போது முதல் வரைவு முடிந்து, இரண்டாம் வரைவில் பாதி தாண்டிவிட்டேன். அது நின்றதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஏழு மாதமும் ஆனது. முதல் நாவலோடு மல்லுக்கட்டும் மற்றவர்களுக்கு அத்தனை நாள் வீணாக வேண்டாம்.

கொலையாளி யார் என்று தெரியாமலே எழுத உட்கார்ந்ததுதான் பெரிய தவறு. எழுத எழுதத் தெரிந்துவிடும் என்று நம்பினேன். குடும்பக் கதைக்கு அது ஒத்துவரலாம். துப்பறியும் கதையை முடிவிலிருந்து பின்னோக்கித்தான் நெய்ய வேண்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு வந்தபோது யார் மேல் வேண்டுமானாலும் பழியைப் போடலாம் என்ற நிலை. அதனாலேயே யார் மேலும் போட முடியவில்லை. யார் செய்தது, ஏன், எப்படி, எந்த இடத்தில் சறுக்கினான்: இந்த நாலும் ஒரு தாளில் இல்லாமல் முதல் வரியைத் தொடாதீர்கள். அதோடு, கொலை நடந்த நாளில் யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று ஒரு கால அட்டவணையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, துப்பை வாசகரிடமிருந்து ஒளிப்பது. என் கதை 1998-இல் தஞ்சாவூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கிறது. பம்புசெட் கொட்டகையில் பிணம். செத்தவரின் சித்தப்பா, "ராத்திரி பூரா மோட்டாரை ஓட விட்டுட்டு வரப்புலதான் கிடந்தேன்" என்கிறார். ஆனால் வீட்டு விளக்குக்கு ஒரு பேஸ் கரண்ட் போதும், வயல் மோட்டாருக்கு மூன்று பேஸும் வேண்டும். அந்த ஊரில் மூன்று பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், மற்ற நேரம் இரண்டு பேஸ்தான். அந்த வாரம் பகல் முறை. இரவில் வீட்டில் விளக்கு எரியும், வயலில் மோட்டார் ஓடாது. நகரத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டருக்கு இந்த வித்தியாசம் பிடிபட நாளாகிறது.

முதல் வரைவில் இதைக் கடைசி அத்தியாயத்தில்தான் சொல்லியிருந்தேன். படித்த அக்கா, "இதை எங்ககிட்ட ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்று கோபப்பட்டாள். நியாயமான கோபம். துப்பறியும் கதைக்கான பத்து விதிகளை 1929-இல் எழுதிய ரொனால்ட் நாக்ஸ், துப்பறிபவர் காணும் துப்பு உடனே வாசகர் கண்ணுக்கும் வர வேண்டும் என்றுதான் சொல்கிறார். இப்போது நான்காம் அத்தியாயத்திலேயே டீக்கடையில் ஒருவர், "இந்த வாரம் பகல்லதான் கரண்ட்டு, வெயில்ல நின்னு தண்ணி பாய்ச்ச வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொள்கிறார். அடுத்த வரியில் கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்க, சண்டை மூள்கிறது. வாசகரின் கவனம் சண்டைக்குப் போய்விடுகிறது. துப்பு கண்முன்னாலேயே கிடக்கிறது.

போலீஸ் நடைமுறையை சினிமாவிலிருந்து எடுப்பதையும் நிறையப் பார்க்கிறேன். காவல் நிலையத்தில் குற்றவாளி அழுது ஒப்புக்கொண்டதும் 'முற்றும்' போட்டுவிடுகிறார்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு அப்படிச் சொன்னது, புதிய சட்டத்திலும் அது மாறவில்லை. ஆனால் அவர் சொன்னதை வைத்துப் போலீஸ் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்புக்குக் காரணமான பேச்சு மட்டும் செல்லும். அரிவாளை எந்தக் குளத்தில் வீசினான் என்று அவன் வாயிலிருந்து வரவைப்பதில் எவ்வளவு பதற்றம் இருக்கிறது! அதை விட்டுவிட்டு அழுகையில் கதையை முடிக்காதீர்கள். வருடத்தையும் கவனியுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலை என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு. அதற்குப் பின் என்றால், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103.

முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துவது இன்னொரு பொறி. நான் பதினேழு முறை திருத்தினேன். முடிவை மாற்றியபோது அந்த அத்தியாயமே தேவையில்லாமல் போய்விட்டது. முதல் வரைவு முடியும்வரை பின்னால் போகாதீர்கள். மாற்ற வேண்டியது தோன்றினால் ஒரு நோட்டில் குறித்துவிட்டு முன்னால் போங்கள். ஒரு நாளைக்கு 400 வார்த்தை போதும். 60,000 வார்த்தை நாவலுக்கு 150 நாள். விடுபடும் நாட்களையும் சேர்த்தால் ஆறேழு மாதம் ஆகும்.

அப்புறம், எழுத்தாள நண்பர்களிடம் மட்டும் படிக்கக் கொடுப்பது. அவர்கள் நடையைப் பார்ப்பார்கள், மோட்டாரைப் பார்க்க மாட்டார்கள். இன்னும் விவசாயம் பார்க்கிற என் பெரியப்பா மகனிடம் கொடுத்தேன். டீக்கடைக் காட்சி நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "ஏன்டா தம்பி, கண்டன்சர் போட்டு ரெண்டு பேஸ்லயே ஓட்டுவோமே, அது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அப்படியானால் மூன்றாவது பேஸ் இல்லாத இரவிலும் மோட்டார் ஓடியிருக்கலாம். என் மொத்தத் துப்பும் ஆட்டம் கண்டது. இரண்டு நாள் எழுத ஓடவில்லை. மூன்றாம் நாள் அவரையே கூட்டிக்கொண்டு அவருடைய கொட்டகைக்குப் போய், கண்டன்சரை எங்கே மாட்டுவார்கள், ஒயர் எப்படிப் போகும், கழற்றினால் என்ன தடயம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். இந்த வாரம் பத்தொன்பதாம் அத்தியாயம். இன்ஸ்பெக்டர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, ஒயர்மேன் கையில் டார்ச்சைக் கொடுக்கிறார்.