கோட் ரிவியூவில் கம்பனிகள் விடும் பிழைகள்

ஒருவர் எழுதிய கோடை, அதாவது மென்பொருளின் நிரலை, வெளியே விடமுன் இன்னொருவர் வாசித்துப் பார்ப்பதுதான் கோட் ரிவியூ. கொழும்பில் மருதானை, தெமட்டகொடைப் பக்கம் எந்த மென்பொருள் கம்பனியில் கேட்டாலும், "ரிவியூ இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது" என்பார்கள். ஆனால் பல இடங்களில் அந்த ரிவியூ, அப்ரூவ் பட்டனை அழுத்துவதோடு சரி. கோடை ஒருவரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

இரண்டு கிழமை வேலையை ஒன்றாகக் கட்டி வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பினால் யாரால்தான் வாசிக்க முடியும்? சிஸ்கோவில் செய்த ஆய்வொன்று, ஒரு தடவைக்குக் கோடில் 200 முதல் 400 வரிகளுக்குள் நிற்கச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் கண்ணில் படும் பிழைகள் குறைந்துவிடும்.

சின்ன மாற்றத்திலும் ஒரு பொறி உண்டு. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. பில் போடும் மென்பொருளில் அதற்குக் கோடில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். பார்ப்பவர் உடனே சரி என்று விடுவார். ஆனால் டிசம்பரில் வாங்கிய 10,000 ரூபாய்ச் சாமானை ஒருவர் ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால்? அவர் கட்டிய வரி 1,500. மென்பொருள் புது வீதத்தைப் பிடித்தால் 1,800 திருப்பிக் கொடுக்கும். பிழை இருப்பது கோடில் மாற்றிய அந்த இடத்தில் அல்ல, யாரும் தொடாத ரிட்டர்ன் பகுதியில். "பழைய பில்லுக்கு எந்த வீதம்?" என்று கேட்பதுதான் ரிவியூ. இடைவெளி, மாறிப் பெயர் (variable name) எல்லாவற்றையும் லின்டர் என்ற, கோடைத் தானாகச் சரிபார்க்கும் கருவி பார்த்துக்கொள்ளும். மனிதரின் நேரத்தை அதில் கரைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே சீனியரிடம் தள்ளுவதும் கூடாது. "சேர் எழுதினதில நான் எப்படிப் பிழை சொல்றது?" என்று தயங்கும் புதியவருக்கும் சீனியரின் கோடை அனுப்புங்கள். பிழை பிடிப்பதோடு, மென்பொருளைப் பற்றிய அறிவு குழு முழுக்கப் பரவுவதும் ரிவியூவின் பெரிய பயன் என்று மைக்ரோசாஃப்டில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

எனக்கு மிகவும் கவலை தருவது, ரிவியூவில் அகப்பட்ட பிழைகளை எண்ணி வருட இறுதி மதிப்பீட்டில் சேர்ப்பது. முறையான கோட் பரிசோதனையை ஐபிஎம்மில் உருவாக்கிய மைக்கேல் ஃபேகன், 1976இலேயே இதைச் செய்யக்கூடாது என்று எழுதிவிட்டார். செய்தால் என்ன நடக்கும்? "கமெண்டில போடாத, நான் மாத்திறன்" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும். பதிவில் பிழையே இராது. அதே பிழையை அடுத்தவரும் விடுவார்.

அப்புறம், "பிறகு பார்ப்போம்" என்று விடும் கமெண்டுகள். அங்கேயே அந்த வேலைக்கு ஒரு டிக்கெட் (செய்யவேண்டிய வேலையின் பதிவு) திறந்து, பார்க்கப்போகிறவரின் பெயரையும் போட்ட பிறகு அப்ரூவ் பண்ணுங்கள்.