ரோபோக் கை உதறுகிறதா? நிரலைத் தொடும் முன் மின்சாரத்தைப் பாருங்கள்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் ரோபோக் கை செய்து பழகுகிறார்கள். போன வாரம் ஒரு மாணவியின் கை தீப்பெட்டியைப் பாதிவரை தூக்கும், உதறும், கீழே விழும். மூன்று நாளாக நிரலை மாற்றி மாற்றி எழுதியிருந்தாள். நிரலில் ஒரு பிழையும் இல்லை. கை எழும்பும் ஒவ்வொரு முறையும் கையை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் 13ஆம் முனைக்கு அருகிலுள்ள சின்ன விளக்கு படபடவென்று சிமிட்டியது. மின்னழுத்தம் விழுந்து, பலகை நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது.

படி 1: பிரித்துப் பாருங்கள். மூட்டுகளிலுள்ள எல்லாச் சேர்வோக்களையும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டர்கள்) கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டுங்கள். தனியே ஒழுங்காகச் சுற்றுபவை சேர்ந்து ஓடும்போது உதறினால், மின்வழங்கல் போதவில்லை. சுமையே இல்லாமல் ஒன்று மட்டும் உதறினால், அந்தச் சேர்வோவையோ அதன் வயரையோ சந்தேகியுங்கள்.

படி 2: மின்வழங்கல். இங்கே அவசரப்படாதீர்கள், நான் பார்த்த கைகளில் பாதிக்கு மேல் இந்தப் படியிலேயே சரியாகின. எஸ்ஜி90 என்ற சின்னச் சேர்வோ சுற்ற முடியாமல் முட்டி நிற்கும்போது ஏறத்தாழ 0.7 ஆம்பியர் இழுக்கும். எம்ஜி996ஆர் என்ற பெரிய சேர்வோ என்றால் 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வரை போகும். கணினியின் சாதாரண யூஎஸ்பி துளை தருவதோ 0.5 ஆம்பியர். நாலு எஸ்ஜி90 உள்ள கைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடப்டர் ஒன்றைத் தனியாக வையுங்கள். சதுர 9 வோல்ட் பற்றரி வேண்டாம். அதனால் இவ்வளவு ஓட்டத்தைத் தர முடியாது.

சேர்வோவின் சிவப்பு வயர் அடப்டரின் நேர் முனைக்கு, கபில வயர் மறை முனைக்கு, சைகை போகும் செம்மஞ்சள் வயர் பலகைக்கு. சிவப்பைப் பலகையில் சேர்க்காதீர்கள். ஆனால் அடப்டரின் மறை முனையிலிருந்து பலகையின் கிரவுண்ட் முனைக்கு ஒரு வயர் கட்டாயம் போக வேண்டும். அது இல்லையென்றால் சேர்வோவுக்குச் சைகையை எதனோடு ஒப்பிடுவதென்று தெரியாது; குளிர்காய்ச்சல் வந்ததுபோல் கை நடுங்கும்.

அடப்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1000 மைக்ரோஃபரட், 16 வோல்ட் கொள்ளளவி ஒன்றை மாட்டுங்கள்; அது மின்னைச் சேமித்து வைத்து, மின்னழுத்தம் சட்டென்று விழும்போது கொடுக்கும். கோடு போட்ட பக்கம் மறை முனைக்கு. மாற்றி மாட்டினால் வெடிக்கும், கவனம். மல்டிமீட்டரையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். மின்னழுத்தம் கண் இமைக்குமுன் விழுந்தெழுவதை அது காட்டாது.

கடலோரத்தில் இருப்பவர்கள் வயர் முனைகளையும் பாருங்கள். உப்புக்காற்றில் அவை கறுத்துவிடும். கழற்றித் துடைத்து இறுக்கமாக மாட்டினாலே சில கைகள் அடங்கிவிடுகின்றன.

படி 3: நிரல். 10 பாகையிலிருந்து 120 பாகைக்கு ஒரே கட்டளையில் அனுப்பினால் சேர்வோ முழு வேகத்தில் பாயும், கை குலுங்கும். சேர்வோவுக்குக் கோணத்தைச் சொல்லும் சைகைத் துடிப்பு 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் போகிறது. ஆகவே 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பாகையாக நகர்த்துங்கள். 110 பாகைக்கு 2.2 செக்கன் எடுக்கும். கை தண்ணீரில் தோணி போவதுபோல் போகும்.

மாறுந்தடையின் குமிழால் இயக்குகிறீர்களா? பலகை அதிலிருந்து படிக்கும் 0 முதல் 1023 வரையான எண்ணை 180 பாகைக்குப் பங்கிட்டால், ஒரு பாகைக்கு ஆறுகூட வராது. குமிழைத் தொடாமலே எண் இரண்டு மூன்று அசையும், கை நடுங்கும். பத்து அளவீடுகளின் சராசரியை எடுங்கள். இரண்டு பாகைக்குக் குறைந்த மாற்றத்தைச் சேர்வோவுக்கு அனுப்பாதீர்கள்.

படி 4: பொறிமுறை. மூட்டுத் திருகாணி அளவுக்கு மீறி இறுகியிருந்தால் கை சிக்கிச் சிக்கி நகரும். கால் சுற்றுத் தளர்த்துங்கள். எஸ்ஜி90 இன் முறுக்குவிசை 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-சென்ரிமீற்றர், அதாவது அச்சிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில் 1.8 கிலோ. கை 10 சென்ரிமீற்றர் நீளமென்றால் நுனியில் 180 கிராமோடு அது முட்டி நின்றுவிடும், அதிலும் கையின் சொந்த எடை சேர்த்தி. பாதிக்கும் குறைவாகவே சுமை கொடுங்கள்.

கடைசியாக, மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூட்டை விரலால் மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் 'டக்' என்று தடுக்கினால், உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் பல் ஒன்று போய்விட்டது. அதற்கு வேறு சேர்வோதான் வாங்க வேண்டும்.