சிங்கப்பூர் குரூஸ்: குடும்பத்தோடு கப்பல் ஏறும் முன் செய்ய வேண்டியவை

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் முதல் கப்பல் பயணத்துக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு சிங்கப்பூர்தான் வசதி. நேரடி விமானம், நாலு மணி நேரம், இறங்கினால் தமிழ் அறிவிப்பு. அங்கிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணமாகப் பினாங்கு, போர்ட் கிளாங், ஃபூகெட் என்று போய்த் திரும்பும் கப்பல்கள் இருக்கின்றன. விமான டிக்கெட், ஹோட்டல், பாஸ்போர்ட் எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கப்பல் சிங்கப்பூரில் கிளம்பி சிங்கப்பூருக்கே வருகிறது, நமக்கு அது ஒரே சுற்றுலா. குடிவரவு அதிகாரிக்கோ நீங்கள் இரண்டு முறை நாட்டுக்குள் வருகிறீர்கள், விமானத்தில் ஒரு முறை, கப்பலில் ஒரு முறை. பாதிச் சிக்கல் இந்த இரண்டாவது வருகையில்தான் இருக்கிறது.

படி 1: மாதமும் கேபினும்

மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. காற்று அடைபட்ட கடல் என்பதால் பினாங்கு, போர்ட் கிளாங் வரை ஆட்டம் குறைவு. ஃபூகெட் அந்தமான் கடலில் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று, அலை அதிகம். நம் கோடை விடுமுறையின் மே மாதம் சரியாக அதில் மாட்டும். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும் ஆள் வீட்டில் இருந்தால், மே மாதத்துக்குப் பினாங்கு வழியை எடுங்கள். ஃபூகெட்டை அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாலு பேர் கேபின் என்றால் நாலு கட்டில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கீழே இரண்டு பேருக்குப் படுக்கை. மற்ற இருவருக்கு ரயிலில் இருப்பது போன்ற மேல் பெர்த் அல்லது விரித்துப் போடும் சோபா. இப்படிப்பட்ட கேபின்கள் எண்ணிக்கையில் குறைவு, விடுமுறைக் காலத்தில் அவைதான் முதலில் தீரும். ஆகவே விலை குறையும் என்று காத்திருப்பது இருவர் போகும் பயணத்துக்கு ஒத்துவரும், குடும்பத்துக்கு ஒத்துவராது.

‘கேரன்டி’ என்ற பெயரில் கொஞ்சம் மலிவாக ஒரு கட்டணம் இருக்கும். கேபின் எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் என்பது அதன் பொருள். இரண்டு கேபின் எடுக்கும் குடும்பம் இதைத் தொடவே கூடாது. பாட்டி எட்டாவது தளத்திலும் பேரன் பதினொன்றிலும் போய் நிற்பார்கள். எண்ணைப் பார்த்தே எடுங்கள். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், லிஃப்டுக்கு அருகே என்பது பெரியவர்களுக்குச் சரி, ஆட்டமும் அங்கேதான் குறைவு. தளப்படத்தில் உங்கள் கேபினுக்கு மேலும் கீழும் வேறு கேபின்களே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே நீச்சல் குளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தத்தில்தான் கண் விழிப்பீர்கள். பால்கனிக்குப் பணம் கொடுப்பதை விட, அதே பணத்தில் கதவு வழியே இணைந்த, ஜன்னல் இல்லாத இரண்டு உள்கேபின்கள் நல்லது என்பது என் கட்சி. இரண்டு குளியலறை கிடைக்கும்.

வயது விதிகளையும் இப்போதே பாருங்கள். பெரும்பாலான கப்பல்களில் கைக்குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பயணம் முடியும் நாள் வரை 24வது வாரம் தொடங்கியிருக்கக் கூடாது. ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களின் கப்பல்களில் குழந்தைகள் கிளப்பில் சேர்க்க 3 வயதும் டயபர் இல்லாத பழக்கமும் வேண்டும். குளத்துக்கும் டயபர் குழந்தைக்கு அனுமதி இல்லை. மூன்று வயதுக்குள் பிள்ளை இருந்தால் அப்பா அம்மாவுக்குக் கப்பலில் ஓய்வு கிடைக்கும் என்ற கணக்கு பலிக்காது.

படி 2: பெயர்

பலர் தடுக்கி விழும் இடம் இது. காரணம் நம் பெயர் வழக்கம். நமக்கு இருப்பது இனிஷியல். புக்கிங் படிவம் கேட்பது சர்நேம்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், முழுப் பெயரும் ‘கிவன் நேம்’ வரியில் இருக்கும். படிவமோ சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. இங்கே ஆளுக்கு ஒன்று செய்கிறார்கள். ஏஜென்ட் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவார். விமான டிக்கெட்டில் வேறு மாதிரி பிரித்திருப்பார்கள். விசாவில் மூன்றாவது வடிவம் வரும். செய்ய வேண்டியது இதுதான்: பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துகளை மட்டும் எழுதுங்கள். அதில் இல்லாத இனிஷியலை விரிக்க வேண்டாம், புள்ளி வைக்க வேண்டாம். சர்நேம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எப்படிப் பதிவது என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் சொன்ன பதில் துறைமுகத்தில் உதவாது. பெயர் திருத்தத்தைப் பணம் கட்டும் முன்பே முடியுங்கள், கடைசி வாரத்தில் அதற்குக் கட்டணம் கேட்பார்கள்.

இன்னொன்று. அப்பாவின் சர்நேம் தாத்தா பெயர், பிள்ளையின் சர்நேம் அப்பா பெயர், அம்மாவுக்கு அவர் அப்பா பெயர். ஒரு குடும்பத்தில் மூன்று சர்நேம். நமக்கு இது சாதாரணம், கவுன்டரில் இருப்பவருக்கு இது கேள்வி. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று கைப்பையில் இருந்தால் அந்தக் கேள்வி அரை நிமிடத்தில் முடியும். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால், மற்றவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக விண்ணப்பம், அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் ஏஜென்ட் கூலி. புகைப்படம் 35 மிமீ அகலம், 45 மிமீ உயரம், வெள்ளைப் பின்னணி. பழைய பாஸ்போர்ட் படத்தையே கொடுத்து நேரத்தை இழக்காதீர்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட்டின் ஆயுள் 5 ஆண்டுதான், அதைத்தான் வீட்டில் மறந்திருப்பார்கள்.

விசா கைக்கு வந்ததும் எத்தனை நுழைவுக்கு என்ற வரியைப் பாருங்கள். ‘மல்டிபிள்’ என்று இருக்க வேண்டும். ‘சிங்கிள்’ என்றால் விமானத்தில் வந்த அன்றே அது தீர்ந்தது, கப்பலில் திரும்பி வர விசா இல்லை, ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருடைய விசாவையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்தும், தாய்லாந்து அண்மை ஆண்டுகளிலும் விசா விலக்கு கொடுத்திருக்கின்றன. இரண்டும் நிரந்தரமல்ல, மாறக்கூடிய ஏற்பாடுகள். பணம் கட்டும் நாளிலும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும் பாருங்கள். இந்த இரு நாடுகளுக்கும் இப்போது டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. கப்பல் பயணிகள் அதை எப்படி நிரப்ப வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்தின் பயண ஆவணக் குறிப்பில் படித்து அதன்படி செய்யுங்கள்.

படி 4: எஸ்ஜி அரைவல் கார்டு, இரண்டு முறை

சிங்கப்பூருக்குள் வரும் எல்லாரும், கைக்குழந்தை உட்பட, இந்த அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் குடிவரவு ஆணையமான ஐசிஏவின் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும்.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை ஏறி திங்கட்கிழமை காலை திரும்பும் மூன்று இரவுப் பயணம். திரும்பும் நாள் திங்கள். எனவே சனி, ஞாயிறு, திங்கள் மட்டுமே அட்டைக்கான நாட்கள். வெள்ளிக்கிழமை ஹோட்டலில் நல்ல வைஃபையில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்றால் தளம் தேதியை ஏற்காது. சனிக்கிழமை நீங்கள் கடலில் இருப்பீர்கள். நான்கு இரவுப் பயணத்துக்கும் இதே கதை, மூன்றாவது நாள்தான் கதவு திறக்கும்.

வழி: துறைமுகத்தில் இறங்கும் நாளில், கரையில் ரோமிங் சிம்மை வைத்து முடியுங்கள். அந்த நாள் வாய்க்காவிட்டால் கப்பல் வைஃபையில் ஒரு கருவிக்கு ஒரு நாள் பேக்கேஜ் வாங்குங்கள். ஒரு போனில் வாங்கினால் போதும், குடும்பத்தினர் எல்லாருக்கும் சேர்த்தே பதியலாம். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை: எல்லார் பாஸ்போர்ட் எண்ணும் காலாவதித் தேதியும், கப்பல் பெயர், கடைசியாக நிற்கும் துறைமுகம், திரும்பிய பின் தங்கும் முகவரி. பயண முறை என்ற கேள்வியில் ‘கடல்’ என்று தேர்ந்தெடுங்கள். விமானத்துக்கு நிரப்பிய பழைய அட்டை இதற்குச் செல்லாது. நாலு பேர் குடும்பத்துக்கு மொத்தம் எட்டுப் பதிவு.

படி 5: பணம்

விளம்பரத்தில் இருக்கும் தொகையில் துறைமுகக் கட்டணம், டிப்ஸ், வைஃபை, குளிர்பானம், கரைச் சுற்றுலா இருக்காது. டிப்ஸ்தான் பெரிய அடி. தலைக்கு, ஒரு இரவுக்கு, குழந்தைக்கும் சேர்த்துப் போடுவார்கள். 18 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால், நாலு பேருக்கு நாலு இரவுக்கு 288 டாலர். பிரதான உணவகம், பஃபே, நிகழ்ச்சிகள், பகல் நேரக் குழந்தைகள் கிளப் ஆகியவை கட்டணத்திலேயே அடங்கும். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டு போனால் பஃபேயில் நிரப்பிக்கொள்ளலாம்.

கப்பலில் ஆகும் செலவுக் கணக்குக்கு கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடும் வரை உங்கள் சொந்தப் பணம் உங்களுக்கே கிடைக்காது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்துவிட மறக்காதீர்கள். பிள்ளைகளின் கேபின் கார்டில் பணம் எழுத முடியாதபடி வரவேற்பு மேசையில் சொல்லிவிடலாம், முதல் நாளே சொல்லுங்கள். இந்தியாவில் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்ற வருமான வரி முன்பிடித்தம் இருக்கும். அது உங்கள் பான் எண்ணில் சேரும், ரிட்டர்னில் கணக்குக் காட்டலாம்.

படி 6: பெட்டி

சின்ன ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் மூன்றும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்ளப்படும். தீ பயம்தான் காரணம். சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பலகைக்கும் அனுமதி இல்லை. நம் தடித்த மூன்று முள் பிளக் கேபின் பிளக்குகளில் பொருந்தாது, யுனிவர்சல் அடாப்டர் ஒன்றும் பல யுஎஸ்பி வாய் உள்ள சார்ஜர் ஒன்றும் போதும். பால் பொடிக்கு வெந்நீர் கேட்டால் கேபின் பணியாளரே கொண்டுவருவார்.

வீட்டில் சமைத்த சாப்பாடு கூடாது. கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பருப்புப் பொடி, ஊறுகாய் பொட்டலங்கள் பொதுவாகச் சிக்கலில்லை. சைவம், ஜெயின் உணவு வேண்டுமென்றால் புக்கிங்கிலேயே எழுதச் சொல்லுங்கள், முதல் இரவு உணவகத்தில் தலைமைப் பரிமாறுபவரிடம் மறுநாள் என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். முன்தின இரவே சொன்னால் தனியாகச் செய்து கொடுப்பார்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகு கேட்டால் கிடைப்பது சாலட்.

கசகசாவைத் தனியாகவோ மசாலாவில் கலந்தோ எடுக்காதீர்கள், சிங்கப்பூர் அதைப் போதைப்பொருள் கணக்கில் பார்க்கிறது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு முன்அனுமதி வேண்டும். வாந்திக்கான மாத்திரையைக் குழந்தைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், கப்பல் ஆடுவதற்கு முன்பே கொடுத்தால்தான் வேலை செய்யும். கப்பல் மருத்துவமனையின் பில் கனம், காப்பீட்டில் கப்பல் பயணமும், நோயாளியை அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் மருத்துவ வெளியேற்றமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 7: ஏறும் நாள்

முந்தின நாளே சிங்கப்பூர் சேர்ந்துவிடுங்கள். இரவு விமானத்தில் கிளம்பிக் காலையில் இறங்கி மதியம் கப்பல் என்பது ஒரு தாமதத்தில் கவிழும் திட்டம். கப்பல் காத்திருக்காது.

துறைமுக முனையம் இரண்டு இருக்கிறது. மரீனா பே குரூஸ் சென்டருக்கு மரீனா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம். சிங்கப்பூர் குரூஸ் சென்டருக்கு ஹார்பர்ஃபிரன்ட் எம்ஆர்டி, விவோசிட்டி மால் பக்கத்தில். பெயர் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் டாக்ஸியில் ‘குரூஸ் சென்டர்’ என்று மட்டும் சொன்னால் எங்கே இறங்குவீர்கள் என்று சொல்ல முடியாது.

பெரிய பெட்டிகளைக் கீழேயே வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வர மாலை ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், பிள்ளைகளின் நீச்சல் உடை, ஒரு மாற்று உடை கைப்பையில் இருக்கட்டும். கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் விபத்துக்குப் பிறகு விதி இறுகியது. பெரும்பாலான கப்பல்களில் ஆப்பில் வீடியோ பார்த்துவிட்டு ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்கு நேரில் போய்ப் பதிய வேண்டும். ஏறியவுடன் முடித்துவிடுங்கள். பிறகு எல்லா போனையும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், பிள்ளைகள் போனையும். கடலில் கிடைக்கும் சிக்னல் கப்பலின் செயற்கைக்கோள் ரோமிங், பில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

படி 8: கரையில் கடிகாரம்

சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். ஃபூகெட்டில் இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொள்ளும். ஐந்து மணிக்குள் ஏற வேண்டும் என்று கப்பல் சொல்லியிருக்கும். உங்கள் போனில் மணி 4.20. நிதானமாக இளநீர் குடிப்பீர்கள். கப்பலில் அப்போது 5.20. இறங்கும் முன் வாசலில் உள்ள பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ‘கப்பல் நேரம்’ என்று ஆப்பில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்வதே எல்லாவற்றிலும் நம்பகமானது. ஸ்மார்ட் வாட்ச் போனோடு சேர்ந்து மாறிவிடும்.

ஃபூகெட்டில் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்கு அழைத்துப் போவதும் உண்டு. அலையில் ஆடும் படகில் கால் வைத்து இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் அது கடினம். பினாங்கில் கப்பல் ஜார்ஜ்டவுன் கரையை ஒட்டி நிற்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம், வாழையிலைச் சாப்பாடு, குயின் தெரு மாரியம்மன் கோவில். கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டத் தேவையே இல்லாத துறைமுகம் அது. போர்ட் கிளாங் அப்படியல்ல. பத்துமலை போய்வர வேண்டும் என்றால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம், போய் 272 படி. சொந்தமாக வண்டி பிடித்துத் தாமதமானால் பொறுப்பு உங்களுடையது. இங்கே மட்டும் கப்பலின் சுற்றுலாவை எடுங்கள், அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும்.

படி 9: கடைசி இரவு

பெரிய பெட்டிகளை இரவு பத்து, பதினொரு மணிக்குள் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த உடையையும் செருப்பையும் எடுத்து வைத்த பிறகு பூட்டுங்கள். பெட்டியைக் கரையில்தான் மறுபடி பார்ப்பீர்கள், மறந்தால் நைட்டியோடு இறங்கும் நிலை வரும். கப்பல் காலை ஏழு மணிக்குக் கரை தொட்டாலும் வெளியே வர ஒன்பது, பத்து ஆகலாம். ஊருக்குத் திரும்பும் விமானத்தை மதியம் இரண்டு மணிக்குப் பிறகே போடுங்கள்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை அனுமதியில் இருக்கும் உறவினர் அதே கப்பலில் சேர்வதானால், அவரவர் அனுமதியின் மறுநுழைவு விதியை அவரவரே பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவரின் விசா விதி அவர்களுக்குப் பொருந்தாது. ஒரே புக்கிங்கில் இருந்தாலும் கவுன்டரில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் சோதிப்பார்கள்.