மூச்சு வேறு, சுவாசம் வேறு: நான்கு சோதனைகளில் பார்த்துவிடலாம்

உயிரினங்கள் ஏன் சுவாசிக்கின்றன என்று கேட்டால், "ஆக்சிஜனை உள்ளே இழுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியே விட" என்ற பதில் உடனே வந்துவிடும். தவறில்லை, ஆனால் பாதியில் நின்றுவிடும் பதில். உள்ளே போன ஆக்சிஜன் அங்கே என்ன செய்தது? வெளியே வரும் வாயுவில் உள்ள கார்பன் எங்கிருந்து கிளம்பியது? இதற்கான விடை நுரையீரலில் இல்லை, உடம்பின் செல்களுக்குள் இருக்கிறது.

அதனால் இரண்டு சொற்களை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். காற்று உள்ளே போய் வெளியே வருவது மூச்சு விடுதல். செல்லுக்குள் உணவு உடைந்து ஆற்றல் வெளிப்படுவது செல் சுவாசம். பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மூச்சு விட நுரையீரல், செவுள் போல ஏதாவது ஓர் உறுப்பு வேண்டும். செல் சுவாசத்துக்கு அவை எதுவும் வேண்டாம். ஒரே செல்லால் ஆன ஈஸ்ட் சுவாசிக்கிறது. தண்ணீரில் ஊறிய விதையும் சுவாசிக்கிறது.

தேவையானவை இவ்வளவுதான்: நீற்றிய சுண்ணாம்பு, உறிஞ்சுகுழல், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போல ஏதாவது ஒன்று, இரண்டு வெந்நீர்க் குடுவைகள், இரண்டு தெர்மாமீட்டர்கள், ஒரு கைப்பிடிப் பயறு, பஞ்சு, உலர் ஈஸ்ட், சர்க்கரை, இரண்டு பாட்டில்கள், இரண்டு பலூன்கள், சிறிய தொட்டிச்செடி ஒன்று, அதை மூடும் அளவுக்குப் பெரிய கண்ணாடி ஜாடிகள் இரண்டு, கிருமிநாசினி, பாலித்தீன் உறை, வாசலின், கறுப்புத் துணி.

படி 1: வெளிவிடும் மூச்சில் என்ன இருக்கிறது?

முந்தைய நாள் இரவே சுண்ணாம்பு நீர் தயாரித்து வையுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரில் ஒரு கரண்டி நீற்றிய சுண்ணாம்பைப் போட்டுக் குலுக்கி, மூடி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் கலங்காமல் வடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலை மூடியே வைக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடே அதன் மேல் வெள்ளை ஏடு படிய வைத்துவிடும்.

ஒரு டம்ளரில் இந்த நீரை ஊற்றி, உறிஞ்சுகுழல் வழியாக மெதுவாக ஊதுங்கள். ஊத மட்டுமே வேண்டும், உறிஞ்சக் கூடாது. சுண்ணாம்பு நீர் வாயையும் கண்ணையும் எரிக்கும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சற்று நேரத்தில் நீர் பால்போல் வெளுக்கும். இன்னொரு டம்ளரில் பம்பால் வெறும் காற்றைச் செலுத்திப் பாருங்கள். அது வெளுக்க வெகு நேரமாகும். இந்த இரண்டாவது டம்ளரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் வெளுப்புக்குக் காரணம் நம் மூச்சா, சாதாரணக் காற்றா என்றே சொல்ல முடியாது.

நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், விடும் காற்றில் சுமார் 16 சதவீதம். கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதமாக உள்ளே போய், ஏறக்குறைய 4 சதவீதமாக வெளியே வருகிறது. ஏறத்தாழ நூறு மடங்கு! நைட்ரஜன் போனபடியே திரும்பி வருகிறது.

(தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தால் வெளுத்த நீர் மறுபடி தெளியும். சோதனை கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். மூச்சின் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாகும் கரையாத கால்சியம் கார்பனேட்தான் அந்த வெளுப்பு. அது கூடுதல் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கரையும் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது.)

படி 2: காற்று செல்லை எட்டும் வழி

இதை நீட்டத் தேவையில்லை. நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவரைத் தாண்டி ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகிறது, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதம் அதைச் சுமந்து செல்கிறது. மீன் செவுளால் நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுக்கிறது. மண்புழுவுக்கு ஈரமான தோலே போதும். பூச்சிகளின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அவை ஆக்சிஜனை இரத்தத்தில் ஏற்றுவதே இல்லை. உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியே நுழையும் காற்று, கிளை கிளையாகப் பிரியும் குழல்களில் ஓடித் திசுக்களையே நேரடியாகச் சேர்கிறது.

வழிகள்தான் வேறு, போய்ச் சேரும் இடம் எல்லோருக்கும் ஒன்று: செல்.

படி 3: குடுவைக்குள் விதை சூடாகிறதா?

பயறை ஒரு நாள் ஊறவைத்து முளைகட்ட விடுங்கள். அதில் பாதியை வேகவைத்து, நன்றாக ஆறவிடுங்கள். இரண்டு பங்கையும் நீர் கலந்த கிருமிநாசினியில் தனித்தனியே அலசி, தனித்தனிக் குடுவைகளில் போடுங்கள். தெர்மாமீட்டரின் குமிழ் விதைகளுக்கு நடுவே இருக்கும்படி செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். மூடி போட்டு இறுக்க வேண்டாம், விதைக்கு ஆக்சிஜன் வந்துகொண்டிருக்க வேண்டும். மூன்று நாள் காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்து வாருங்கள்.

முளைவிட்ட விதைகள் உள்ள குடுவை மெல்லச் சூடேறும். வெந்த விதைகள் அறையின் வெப்பநிலையிலேயே கிடக்கும்.

கிருமிநாசினியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் அலசாமல் போட்டேன். மூன்றாம் நாள் வெந்த விதைகளும் சூடாகிவிட்டன. செத்த விதை எப்படிச் சுவாசிக்கும் என்று வெகு நேரம் யோசித்தேன். திறந்து முகர்ந்தபோதுதான் புரிந்தது, சுவாசித்தது விதையல்ல, அதை அழுக வைத்த நுண்ணுயிரிகள்.

இந்த வெப்பத்தை ஆராய்ந்தவர்கள் பிரான்சின் அறிவியலாளர்கள் லவாய்சியரும் லாப்லாஸும். 1780களின் தொடக்கத்தில், பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்துக்குள் கினிப்பன்றியை வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள்.

படி 4: செல்லுக்குள் எட்டிப் பார்ப்போம்

இங்கே சோதனை இல்லை, காகிதமும் பேனாவும் போதும். ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்:

குளுக்கோஸ் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர் + ஆற்றல்

180 கிராம் குளுக்கோஸைத் தீயில் எரித்தாலும், செல்லில் முழுதாக உடைத்தாலும் வெளிப்படும் ஆற்றல் ஒன்றுதான்: சுமார் 2,800 கிலோஜூல். தீயில் அது ஒரேயடியாக வெளியாகிறது. செல்லில் அப்படி நடந்தால் செல்லே கருகிவிடும். அதனால் வேதிவினைகளைத் தூண்டும் நொதிகளின் துணையோடு, படிக்கட்டில் இறங்குவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுகிறது.

முதல் கட்டம், செல்லை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் நடக்கும் கிளைக்காலிசிஸ். ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டுகளாகப் பிளக்கிறது. இதற்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை. அடுத்து பைருவேட், செல்லின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகிறது. அங்கே நடப்பது, உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரப்ஸ் 1937இல் விளக்கிய கிரப்ஸ் சுழற்சி, அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் வேதிவினைகளின் வரிசை. நாம் ஊதி வெளியேற்றிய கார்பன் டை ஆக்சைடு பிறப்பது இந்த இடத்தில்தான். அதாவது, சாப்பிட்ட உணவின் கார்பன்தான் மூச்சாக வெளியே போகிறது.

அப்படியானால் ஆக்சிஜனுக்கு என்ன வேலை? கடைசிக் கட்டத்தில்தான் அது வருகிறது. உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக்கொண்டே போகின்றன. வரிசையின் முடிவில் அவற்றை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டுமே, அதுதான் ஆக்சிஜன். எலக்ட்ரான்களை ஏற்று, ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்து நீராகிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் கடைசி ஆள் இல்லாத வரிசைபோல் எல்லாம் தேங்கி நின்றுவிடும். மூச்சுத் திணறினால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இத்தனை பாடும் ஏடிபி என்ற மூலக்கூறை உண்டாக்கத்தான். தசை சுருங்குவதும் நரம்பு செய்தி அனுப்புவதும் அதைச் செலவழித்துத்தான். ஒரு குளுக்கோஸிலிருந்து 30 முதல் 32 ஏடிபி வரை கிடைக்கும் என்பது இன்றைய கணக்கு. பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்று இருக்கும். ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் ஏடிபியில் சேர்கிறது, மீதி வெப்பமாகிவிடுகிறது. குடுவையில் தெர்மாமீட்டர் காட்டியது அந்த மீதியைத்தான்.

படி 5: ஆக்சிஜன் இல்லாமலும் முடியுமா?

இரண்டு பாட்டில்களில் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை சூடுள்ள நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட் போடுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி சர்க்கரை. வாயில் பலூன்களை மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். சர்க்கரை போட்டதில் பலூன் உப்பும், மற்றதில் பெரிதாக ஒன்றும் இராது. நீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும், கவனம்.

பலூன் ஏன் உப்பியது என்று கொஞ்சம் யோசியுங்கள். ஆக்சிஜன் சுவாசத்தில் ஆறு ஆக்சிஜன் செலவானால் ஆறு கார்பன் டை ஆக்சைடு வருகிறது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமம், அதனால் வாயுவின் கன அளவு மாறாது, பலூன் உப்பாது. ஆக்சிஜனைச் செலவிடாமலே கார்பன் டை ஆக்சைடு வந்தால்தான் உப்பும். ஈஸ்ட் நொதித்தல் செய்கிறது என்பதற்கு அந்தப் பலூனே சாட்சி. இதில் குளுக்கோஸ் எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. கிடைப்பது 2 ஏடிபி மட்டுமே, மீதி ஆற்றல் எத்தனாலிலேயே தங்கிவிடுகிறது.

வேகமாக ஓடும்போது நம் தசையிலும் இதுபோல ஒன்று நடக்கிறது. அங்கே எத்தனால் வராது, லாக்டேட் உண்டாகும். மறுநாள் கால் வலிப்பதற்கு அதைக் குறை சொல்வார்கள், அது சரியல்ல. ஓய்ந்த ஒரு மணி நேரம் போல ஆனாலே லாக்டேட்டின் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மறுநாள் வலி, தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவால் வருவது.

படி 6: இருட்டில் ஒரு செடி

செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். செடி இரவும் பகலும் ஓயாமல் சுவாசிக்கிறது. பகலில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை ஒளிச்சேர்க்கை உடனே எடுத்துக்கொள்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் வெளிச்சத்தை நிறுத்திப் பார்ப்போம்.

தொட்டியை மண்ணோடு பாலித்தீன் உறையில் பொதிந்து, தண்டைச் சுற்றிக் கட்டுங்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிரிகளும் சுவாசிக்கும், அவை குறுக்கே வரக் கூடாது. பக்கத்தில் சிறு கிண்ணத்தில் சுண்ணாம்பு நீர் வைத்து, இரண்டையும் கண்ணாடி ஜாடியால் மூடி, விளிம்பில் வாசலின் தடவி, மேலே கறுப்புத் துணி போர்த்துங்கள். செடி இல்லாமல் கிண்ணம் மட்டும் வைத்து இன்னொரு ஜாடி. இரவு முழுவதும் இருக்கட்டும். காலையில் இரண்டு கிண்ணங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். செடியோடு இருந்ததில் வெள்ளை ஏடு நன்றாகத் தடித்திருக்கும்.

பார்த்து முடித்ததும் பாலித்தீன் உறையை அவிழ்த்துவிடுங்கள். வேரும் மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றிலிருந்துதான் ஆக்சிஜன் எடுக்கிறது. அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றிய செடி வாடிப்போவதும் அந்த இடுக்குகள் நீரால் அடைபட்டு, வேர் திணறுவதால்தான்.